சங்கக் கதவை மூடி வட்டிக்கடைக் கதவைத் திறக்கிறார்கள்!

“கிளையை மூடினால் என்ன குடி முழுகிப் போயிற்று? கையில் போன் இருக்கிறது. தெருமுனையில் பாங்கி மித்ரா இருக்கிறார். வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுக்கக் கம்பெனி இருக்கிறது. பிறகு எதற்கு இந்தக் கூப்பாடு?”

ஒரு ஊரில் பாங்கிக் கிளையோ கூட்டுறவு நாணயச் சங்கத்தின் கிளையோ மூடப்படும் போதெல்லாம் மேலிடத்திலிருந்து கிடைக்கும் உபதேசம் இதுதான். படித்த பெரிய மனிதர்கள் சிலரும் இதையே திருப்பிச் சொல்லுகிறார்கள். ஷிப்டு முடிந்து வருகிற மில் தொழிலாளியும், நடவு முடிந்து கரையேறுகிற பெண்ணும் இதைக் கேட்டு, “அப்படித்தான் போலிருக்கிறது” என்று பேசாமல் போய்விட்டால், அதற்குக் கொடுக்கும் விலை அடுத்த மாதமே தெரிந்துவிடும். ஆகவே இந்த மாற்று வழிகளைக் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போனை எடுத்துக் கொள்ளுவோம். கணக்கில் உள்ள பணத்தை இன்னொருவருக்கு அனுப்பலாம், வந்ததைப் பார்க்கலாம். மறுப்பதற்கில்லை. ஆனால் விவசாயத் தொழிலாளி சங்கத்தின் படியேறியது பணம் அனுப்புவதற்கா? கோடையில் வேலையில்லாத நாளில் அரிசி வாங்க, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, தோட்டையோ மூக்குத்தியையோ வைத்து நியாய வட்டிக்குக் கடன் வாங்கத்தான் படியேறினாள். போனா அந்தத் தோட்டை வாங்கிக்கொண்டு பணம் தரப்போகிறது? போனிலேயே கடன் கொடுக்கும் செயலிகளும் முளைத்தன. தவணை தவறியவர்களின் படங்களை ஆபாசமாகத் திரித்து உற்றார் உறவினருக்கெல்லாம் அனுப்பி, எத்தனையோ பேரைத் தற்கொலைக்குத் தள்ளிய கும்பல்கள் அதில் இருந்ததை நாடு கண்டது.

மித்ரா என்பவர் கமிஷனுக்கு வேலை செய்கிறவர். அவரும் நம் மனிதர்தான்; பாங்கியின் வேலையைச் செய்துகொண்டு, பாங்கி ஊழியனின் சம்பளமும் பி.எப்.பும் இல்லாமல் அல்லல்படுகிறவர். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் அவர் கையிலிருக்கும் சிறு இயந்திரம் கைரேகை கேட்கிறது. கதிர் அறுத்தும் செங்கல் சுமந்தும், ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஓயாமல் ஒட்டியும் தேய்ந்துபோன விரலில் ரேகை எங்கே? “நாளைக்கு வாருங்கள் அம்மா” என்பார் அவர். உழைத்ததற்காகவே ரேகை அழிந்தவளுக்கு, உழைத்த கூலியை எடுக்க முடியாத நிலை! கடன் கொடுக்கவோ அவருக்கு அதிகாரமே இல்லை.

மிஞ்சுவது வீடு தேடி வரும் கம்பெனி. விஷயத்தின் கரு இங்கேதான் இருக்கிறது.

ஒரே பணம், இரண்டு வட்டி

நுண்கடன் கம்பெனிகள் பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கின்றன. வாரந்தோறும் வசூல். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல். முன்பு இந்த வட்டிக்கு ரிசர்வ் பாங்கி ஒரு உச்சவரம்பு வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. கம்பெனிகளே வட்டியை நிர்ணயித்துக் கொள்ளலாமாம்! குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்று ஒரு விதி மட்டும் எழுதி வைத்தார்கள். பாதிக் கூலி தவணைக்குப் போகலாம் என்று சட்டமே சொல்லுகிறது. மீதிப் பாதியில் குடும்பம் நடத்துவது நம் சாமர்த்தியம்.

கணக்குப் போடுவோம். சுய உதவிக் குழுவுக்குச் சங்கம் 12 சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுவோம். 40,000 ரூபாய்க்கு முழு ஆண்டு வட்டி 4,800 ரூபாய். கம்பெனி 24 சதவீதம் வாங்கினால் 9,600. கிளை மூடியதால் ஒரு குடும்பத்துக்கு வந்த தண்டம் 4,800 ரூபாய். இது எத்தனை நாள் நடவுக் கூலி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி பாங்கிகளிடமிருந்து! நுண்கடன் கம்பெனிக்கு மறுகடனுக்காகப் பாங்கி கொடுக்கும் தொகையை, ஏழைகளுக்கு நேரடியாகக் கொடுத்த கடனைப் போலவே ‘முன்னுரிமைத் துறைக் கடன்’ கணக்கில் சேர்த்துக்கொள்ள ரிசர்வ் பாங்கி இடம் கொடுத்தது. சூது புரிகிறதா? ஊரிலிருந்த கிளை நஷ்டம் என்று மூடப்படுகிறது. மக்களின் டெபாசிட் கம்பெனிக்குப் போகிறது. கம்பெனி அதே ஊருக்கு அதே பணத்தை இரண்டு மடங்கு வட்டிக்குக் கொண்டு வருகிறது. நம் சேமிப்பையே நமக்குக் கடனாகக் கொடுத்து இடையில் நின்று கொள்ளையடிக்கும் ஏற்பாட்டுக்கு ‘நிதி உள்ளடக்கம்’ என்று பேர் சூட்டியிருக்கிறார்கள். பேர் சூட்டுவதில் முதலாளித்துவத்தை ஜெயிக்க முடியாது.

கம்பெனித் தவணை கட்ட முடியாதபோது என்ன நடக்கிறது? தண்டல்காரனிடம் போகிறோம். 1,000 ரூபாய்க்குக் கையில் 900 கொடுத்து, தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குகிறானே, அந்தத் தண்டல் சின்னத் தொகையாகத் தெரிகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி ஏறத்தாழ எண்பது சதவீதம்! ஆந்திரத்தில் நுண்கடன் வசூல் கொடுமையால் தற்கொலைகள் பெருகி, 2010 அக்டோபரில் சர்க்கார் அவசரச் சட்டம் போட நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருந்தபடியேதான், 2017 அக்டோபரில் நெல்லைக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், பல முறை மனு கொடுத்தும் பலனில்லாத ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீயில் வெந்து மாண்டார். 2025-ல் கடன் கம்பெனிகளின் பலாத்கார வசூலைத் தடுக்க இன்னொரு சட்டம் வந்தது. நல்லது. அடியாளைத் தடுக்கச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் ஊரில் நியாய வட்டிக்குக் கடன் கொடுக்கும் இடத்தை மூடிவிட்டு, அநியாய வட்டிக்காரனைச் சட்டத்தால் மட்டும் விரட்ட முடியுமா?

‘நஷ்டம்’ யாரால்?

நாணயச் சங்கம் யாரும் நமக்குப் போட்ட பிச்சையல்ல. 1875-ல் பூனா, அகமதுநகர் ஜில்லாக்களில் விவசாயிகள் திரண்டு, லேவாதேவிக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான் வெள்ளைக்காரச் சர்க்காருக்குக் கிராமக் கடன் என்று ஒரு பிரச்னை இருப்பதே கண்ணில் பட்டது. சென்னை மாகாண சர்க்கார் 1892-ல் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி விவசாயக் கடன் முறைகளை ஆராயச் சொன்னது. 1904-ல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூருக்குப் பக்கத்துத் திரூரில் சங்கம் தோன்றியது.

ஐம்பது ஆண்டு கழித்து என்ன நிலைமை? 1951-52-ல் நாடு முழுவதும் எடுத்த கிராமக் கடன் கணக்கெடுப்பு 1954-ல் வெளியாயிற்று. விவசாயி வாங்கிய நூறு ரூபாய்க் கடனில் கூட்டுறவு கொடுத்தது 3 ரூபாய் சொச்சம். வர்த்தக பாங்கிகள் கொடுத்தது ஒரு ரூபாய்கூட இல்லை. லேவாதேவிக்காரர்கள் கொடுத்தது ஏறத்தாழ 70 ரூபாய். சங்கத்திலும் தலைவர் நாற்காலியில் மிராசுதார்தானே உட்கார்ந்திருந்தார்! நிலமுள்ளவனுக்குக் கடன், இல்லாதவனுக்குக் கும்பிடு என்றுதான் நடந்தது.

1969 ஜூலையில் 14 பெரிய பாங்கிகளும் 1980-ல் இன்னும் ஆறும் தேசவுடைமையாயின. பாங்கி ஊழியர்களும் தொழிலாளி இயக்கமும் பல ஆண்டு முழங்கிய கோரிக்கை அது. 1969-ல் நாட்டில் கிராமக் கிளைகள் 1,800 சொச்சம். 1990 வாக்கில் சுமார் 35,000. பிறகு வந்தது ‘சீர்திருத்தம்’. 1990களின் நடுவிலிருந்து பத்தே ஆண்டில் ஏறத்தாழ மூவாயிரம் கிராமக் கிளைகள் குறைந்தன. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை பாங்கிகள் இணைப்பு மேல் இணைப்பால் 2020 ஏப்ரலில் 12 ஆயின. இணைத்தபோது, “ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு?” என்றார்கள். ஒரு கிளை இருந்த ஊரில் அதையும் மூடும்போது, “நஷ்டம்” என்றார்கள்.

யார் உண்டாக்கிய நஷ்டம்? 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் பாங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று 2023-ல் பார்லிமெண்டில் சர்க்காரே பதில் சொன்னது. அதில் 7.4 லட்சம் கோடி பெருந்தொழில், பெரும் சேவைக் கம்பெனிகளுடையது. “கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு, வசூல் தொடரும்” என்று மந்திரிகள் விளக்கம் சொல்லுவார்கள். சரி, வசூலான தொகை எவ்வளவு? அதே பதிலின்படி சுமார் 2.04 லட்சம் கோடி. மீதி? இதே நாட்டில் ஒரு தோட்டுக்கு வட்டி கட்டத் தவறினால் ஏலம் போடும் தண்டோரா வாசலில் கேட்கிறது!

கூட்டுறவிலும் கதை இதுதான். 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு பாங்கியின் டெபாசிட்தாரர்கள் ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. பாங்கி கொடுத்த கடனில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டிடக் கம்பெனிக்குப் போயிருந்தது. வாசலில் நின்று அழுதவர்களில் அந்தக் கம்பெனிக்காரர் யாரும் இல்லை.

கடனுக்கு உறுப்பினர், ஓட்டுக்கு அன்னியன்

அப்படியானால் கிளை மூடப்பட்ட ஊரில் உறுப்பினர் என்ன செய்வது?

சங்கத்தின் கவுண்டரை மூடலாம். உறுப்பினர் உரிமையை மூட முடியாது. பங்குத் தொகை நம்முடையது. ‘எல்லாம் போயிற்று’ என்று பங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறுவதைத்தான் மூடுகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு, “உறுப்பினரே இல்லை, சங்கம் எதற்கு?” என்று அதையும் காரணம் காட்டுவார்கள். 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி சங்கத்தின் மேலான அதிகாரம் பேரவைக்கு, அதாவது உறுப்பினர்கள் கூடிய மகாசபைக்கு. தலைவருக்கும் அல்ல, செயலாளருக்கும் அல்ல. கிளையை மூடுவதா, பக்கத்துச் சங்கத்தோடு சேர்ப்பதா என்பதைப் பேரவையில் வைத்தார்களா? ஐந்தொகையைப் படித்துக் காட்டினார்களா? முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்.

“பேரவையா? எந்தக் காலத்தில் கூடியது?” என்று சிரிப்பீர்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 2013-லும் 2018-லும் சங்கத் தேர்தல்கள் நடந்தன. ஆளுங்கட்சிக்காரர் தவிர மற்றவரின் மனுக்களைத் தட்டிக் கழித்தார்கள் என்று ஜில்லாவுக்கு ஜில்லா புகார் எழுந்தது. 2018 தேர்தல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023-ல் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்கள் கையில் சங்கங்கள் ஒப்படைக்கப்பட்டன. கட்சி மாறி ஆட்சி வந்தாலும் சங்கத்தை உறுப்பினரிடம் விட எந்த முதலாளித்துவ சர்க்காருக்கும் மனம் வருவதில்லை.

இதிலும் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. நிலமில்லாத கூலி விவசாயியும், நகைக்கடன் வாங்கும் பெண்ணும் பல சங்கங்களில் ‘இணை உறுப்பினர்’ என்றே பதிவாகிறார்கள். இணை உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. சங்கத்துக்கு வட்டி வருமானம் கொடுப்பவர்களில் பெரும் கூட்டம் இவர்கள். கிளை மூடினால் முதலில் அடிபடுகிறவர்களும் இவர்கள். வட்டிப் பணத்துக்கு இவள் உறுப்பினர்; வாய் திறக்க மட்டும் அன்னியள்! 1954-ல் மிராசுதாரின் சங்கத்துக்கு வெளியே நின்றவனை இன்றைக்கு உள்ளே அழைத்து, திண்ணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். குடியிருக்கும் ஊரின் சங்கத்தில் விவசாயத் தொழிலாளிக்கு ஓட்டுள்ள முழு உறுப்பினர் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையை, கிளை திறக்கும் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்ப வேண்டும்.

மூடப்பட்டது பாங்கிக் கிளையாக இருந்தால் வேறொரு பிடி இருக்கிறது. கிராமக் கிளையையோ, சிறு நகரத்திலுள்ள ஒரே கிளையையோ மூட, கலெக்டர் தலைமையிலுள்ள ஜில்லா ஆலோசனைக் குழுவின் சம்மதம் வேண்டும் என்று 2017-ல் ரிசர்வ் பாங்கியே விதி வகுத்தது. ஆகவே, “மேலிடத்து உத்தரவு” என்று மானேஜர் கைவிரித்தால் நம்பாதீர்கள். எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், யார் சம்மதித்தார்கள் என்று 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய்ச் செலவு.

போராட்டம் ஒருபுறம் நடக்கட்டும். நாளைக்கு உலை வைக்க வேண்டுமே. அடகு நகை எந்த ஆபீசுக்குப் போயிற்று என்று எழுத்து மூலம் வாங்க வேண்டும், ரசீதைத் தொலைக்கக்கூடாது. பாஸ் புத்தகத்தில் கடைசி வரவு வரை பதிந்து வாங்க வேண்டும். புதிதாகச் சேர்க்கும் சிறு தொகைக்குத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கு நல்லது. அதற்கு மத்திய சர்க்காரின் உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் தபாலாபீசில் நகைக்கடன் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: மத்தியக் கூட்டுறவு பாங்கியிலோ நகரக் கூட்டுறவு பாங்கியிலோ போட்ட டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு, ஊர் நாணயச் சங்கத்தில் போட்டதற்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. சங்கக் கணக்கை உறுப்பினர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். கேரளத்தில் திருச்சூர் ஜில்லா கருவன்னூர்க் கூட்டுறவு பாங்கியில் பெரும் மோசடி 2021-ல் வெளிவந்தது; அந்த நிர்வாகக் குழு இடதுசாரிகளுடையது, அது கலைக்கப்பட்டது. டெபாசிட் போட்ட சாதாரண ஜனங்கள் தெருவில் நின்றார்கள். செங்கொடி பறந்த கட்டிடம் என்பதற்காக யாரும் ஐந்தொகையைப் படிக்காமல் விடக்கூடாது. எதிரி இதைச் சொல்லிக் காட்டுகிறான் என்பதற்காக நாம் இதை மூடி மறைப்பதும் தகாது.

நகையும் நிலமும் இல்லாதவர்கள் ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக, சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து பக்கத்துக் கூட்டுறவு பாங்கியில் கடன் கேட்கலாம். கம்பெனியிலும் குழுதான், இதிலும் குழுதானே என்று தோன்றும். ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் ஒற்றுமை நம்முடைய சொத்து. அதைக் கம்பெனியிடம் 24 சதவீதத்துக்கு அடகு வைக்காமல், பாங்கியிடம் பாதி வட்டிக்குப் பேசி வாங்குங்கள் என்கிறோம்.

மில் தொழிலாளர்களுக்கு இன்னும் நெருக்கமான வழி ஒன்று இருக்கிறது. ஆலைக்குள் தொழிலாளர் நடத்தும் சிக்கன நாணயச் சங்கம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சந்தா, அதிலிருந்து கடன், ஆண்டு முடிவில் லாபப் பங்கு. எந்த பாங்கிக் கிளை மூடினாலும் இது மூட வேண்டியதில்லை. ஆனால் சம்பளத்தில் பிடிப்பவன் முதலாளி! பிடித்ததைச் சங்கத்துக்குக் கட்டாமல் தன் செலவுக்குப் புரட்டிக்கொள்ளுவது அவனுக்குப் பழக்கம். தனி முதலாளி மட்டுமா? சர்க்கார் போக்குவரத்துக் கழகங்களிலேயே சம்பளத்தில் பிடித்த சங்கப் பணம் சங்கத்துக்குப் போய்ச் சேராமல், தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. 2020 மார்ச் ஊரடங்கில் தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் நின்றபோது கோவைத் தொழிலாளர்கள் கண்டதையும் நினைத்துப் பாருங்கள்: மெஷின் நின்றால் சம்பளம் நிற்கும், சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும், கடன் தவணை மட்டும் நிற்காது. ஆகவே, பிடித்த பணம் சங்கத்துக்கு வந்ததா என்று மாதந்தோறும் நோட்டீஸ் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் தவறினால் தொழிற்சங்கம் மறுநாளே மானேஜர் அறைக்குப் போக வேண்டும்.

பல மில்களில் நிரந்தரத் தொழிலாளி மட்டுமே இந்தச் சங்கத்தில் சேரலாம். மில்லை நடத்துவது யார்? காண்டிராக்ட் தொழிலாளி, விடுதியில் அடைபட்டிருக்கும் இளம் பெண், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ரிங் பிரேம் ஓட்டும் வாலிபன். இவர்களுக்கு ஊரிலும் சங்கமில்லை, ஆலையிலும் சங்கமில்லை. மேஸ்திரி கொடுக்கும் முன்பணம்தான். அந்த முன்பணமே விலங்கு. கிராமத்தில் இணை உறுப்பினர் என்று நிலமற்றவனை வெளியே நிறுத்துவதைக் கண்டிக்கும் நாம், ஆலைக்குள் காண்டிராக்ட் தொழிலாளியை வெளியே நிறுத்தினால் அது எந்த ஊர் நியாயம்? துணைவிதியைத் திருத்தி அவர்களைச் சேர்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமை, 97-வது திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் அடிப்படை உரிமையாகவே சேர்ந்தது. மேஸ்திரியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கிளை மூடப்பட்ட ஊர்களில் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மில் தொழிற்சங்கமும் சேர்ந்தே உறுப்பினர் கூட்டம் கூட்டலாம்; மில்லில் வேலை செய்கிறவனின் தாயார்தான் பல வீடுகளில் நாற்று நடுகிறாள். வருகிறவர்கள் பாஸ் புத்தகத்தையும் பங்குச் சான்றையும் நகை ரசீதையும் கையோடு கொண்டு வரட்டும். எத்தனை உறுப்பினர், எவ்வளவு பங்குத் தொகை, எவ்வளவு டெபாசிட் என்று அங்கேயே கூட்டி எழுதுங்கள். சங்கக் கிளையானால் பேரவையைக் கூட்டச் சொல்லிக் கூட்டுறவுத் துணைப் பதிவாளருக்கும், பாங்கிக் கிளையானால் ஆலோசனைக் குழு நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டுக் கலெக்டருக்கும் மனு போகட்டும். தபாலில் போட வேண்டாம். ஐம்பது பேராவது நேரில் போய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வாருங்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்துக்கள், ஓட்டில்லை என்று ஒதுக்கப்பட்ட இணை உறுப்பினர்களுடையதாக இருக்கட்டும்.